க-வில் தொடங்கும் ஜெர்மன் சொற்கள்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தன் பெயரைத் தன் வாயால் சொல்லி யாரும் அதிகம் கேட்டதில்லை. கடைப் பலகையில் 'கூலிங்' என்று பெரிதாக எழுதியிருந்ததால் தெருவே அவரைக் கூலிங் என்றுதான் கூப்பிட்டது. அவருக்கும் அது வசதியாக இருந்தது. காரணம், அவருக்குத் திக்குவாய். எல்லாச் சொல்லுக்கும் திக்காது. 'க' என்று தொடங்கும் சொல் வந்தால் மட்டும் தொண்டைக்குள் யாரோ ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி அடைத்துக்கொள்ளும். அவர் பெயரின் முதல் எழுத்தும் அதுதான்.

நாற்பது வயதுக்குள் இதற்கு ஒரு வழி பழகி வைத்திருந்தார். வாக்கியம் கிளம்பும்போதே முன்னால் எங்கே 'க' நிற்கிறது என்று பார்த்துவிடுவார். பார்த்ததும் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். கடை என்று சொல்ல மாட்டார், ஷாப் என்பார். கதவு டோர் ஆகிவிடும், காசு பணமாகிவிடும், குழந்தை பாப்பா ஆகிவிடும். கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "மோட்டார் போச்சுங்க" என்பார். விவரம் தெரிந்தவர்கள் "ஃப்ரிட்ஜ்ல எந்த மோட்டாருங்க?" என்று கேட்டால் பேசாமல் பின்பக்கத்தைக் கையால் காட்டுவார். நல்ல வேலைக்காரர், ஆனால் உம்மணாமூஞ்சி என்று ஊரில் பேச்சு. பத்து வார்த்தை நினைத்து மூன்று வார்த்தையை வெளியே விடுகிற மனிதர் என்பது யாருக்கும் தெரியாது.

மனைவிக்குத் தெரியும். மனைவி நர்ஸ். மருத்துவமனையில் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று போன இடத்தில்தான் அவர்களுக்குப் பழக்கம். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவள் கேட்டாள். கால் மணி என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அவசரமில்ல, மெதுவா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தடுப்பூசி மருந்துகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றும் வேலையைப் பார்த்தாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர் அந்த ஃப்ரிட்ஜைச் சரிசெய்த பிறகும், "எப்படி ஓடுது சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் போனார். கல்யாணமாகிச் சில மாதம் வரைக்கும் வாய் தவறி வீட்டிலும் சிஸ்டர் என்று கூப்பிட்டுத் தன் அக்காவிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் மனைவிக்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவள் முன்னால் போய் வீடு பார்த்துக்கொண்டு இவர்களை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. வீடும் கிடைத்துவிட்டது. ஆனால் அப்போதிருந்த விதிப்படி, கணவர் அங்கே குடிபோக வேண்டுமானால் அடிப்படை ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. முதல் மூன்றையும் கேட்டபோது தலையாட்டிக்கொண்டிருந்தவர், நான்காவதைக் கேட்டதும் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"யார்கிட்டப் பேசணும்?"

"எதிர்ல ரெண்டு பேர் உட்கார்ந்து கேப்பாங்க. கூட மூணு பேர் எழுத வந்தவங்களும் இருப்பாங்க. பேரு, ஊரு, வேலை, அவ்வளவுதான்" என்றாள் மனைவி போனில்.

பெயர்தான் அவருக்குப் பயமே.

வகுப்பு ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில். டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாணவர்களில் கல்லூரி முடித்த பிள்ளைகள்தான் அதிகம். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், கணவனிடம் போய்ச் சேருவதற்காகப் படிக்க வந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாததால் வகுப்பே அவளைப் புதுப்பெண் என்று கூப்பிட்டது. வாய் ஓயாது. தமிழில் பேசும் அதே வேகத்தில் தெரியாத ஜெர்மனையும் பேசுவாள். தப்பென்றால், "அய்யோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் அடுத்த தப்பைச் செய்வாள். கூலிங் அவளைப் பொறாமையோடு பார்த்தார்.

முதல் நாள் அவர் பாடத்தைக் காட்டிலும் சுவரில் இருந்த ஏ.சி.யைத்தான் அதிகம் கவனித்தார். ஃபேன் இறக்கை எங்கோ உரசி கடகடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து மூடியைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். சத்தம் போனதில் டீச்சருக்குச் சந்தோஷம். அதனால் அவர் பக்கம் திரும்பி முதல் கேள்வியே அவரிடம் கேட்டார்.

எங்கிருந்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். 'இஷ் கொம்மெ' என்று வாக்கியம் தொடங்கும். 'இஷ்' என்றால் நான், 'கொம்மெ' என்றால் வருகிறேன். முதல் பாடத்தின் முதல் வினைச்சொல்லிலேயே அவருடைய எழுத்து வந்து நின்றது. இஷ் என்றார். பிறகு ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. டப்பென்று இருமி, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்து, "தொண்டை சரியில்ல டீச்சர்" என்று கையைக் காட்டிவிட்டார். புதுப்பெண் உடனே, "கொம்மெ, அண்ணா, கொம்மெ" என்று அவருக்காகச் சொல்லி முடித்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் தன் வாயில் கிடக்கும் சொல்லை இன்னொருவர் பிடுங்கிச் சொல்வதைப் போல அவருக்குப் பிடிக்காத விஷயம் உலகத்தில் வேறொன்று இல்லை.

அன்று சாயங்காலம் கடையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரைப் பிரித்துக்கொண்டே யோசித்தார். தமிழில் அவருக்கு ஒரு பொருளுக்கு நாலு சொல் தெரியும். ஒன்று அடைத்தால் இன்னொன்றில் தப்பிக்கலாம். ஜெர்மனில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அது அடைத்தால் முட்டுச்சுவர். ஆகவே மற்றவர்கள் ஒரு சொல் படித்தால் நாம் இரண்டு படிக்க வேண்டும். கடையில் ஒரிஜினல் பாகம் கிடைக்காத நாளுக்கு டூப்ளிகேட் வாங்கி வைப்பதில்லையா, அந்த மாதிரி.

அப்படித்தான் அவர் படிக்க ஆரம்பித்தார். 'கொம்மெ' வேண்டாம், 'பின்' போதும்: இஷ் பின் அவுஸ், அதாவது நான் இன்ன ஊர். குளிர் என்பதற்கு 'கால்ட்' என்று சொன்னார்கள். அவர் சூடு என்பதற்கான 'வார்ம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, 'நிஷ்ட் வார்ம்', சூடாக இல்லை என்றார். சமைப்பது 'கொஹென்'. அதற்குச் சாப்பாடு செய்வது, 'எஸ்ஸென் மாஹென்'. பிள்ளை என்பதற்குப் புத்தகத்தில் 'கின்ட்' என்று இருந்தது. அவருக்கு மகள் என்ற சொல் போதும். மகளுக்கு ஜெர்மனில் 'டொஹ்டர்' என்று தெரிந்ததும் வீட்டில் பெரிய கலாட்டா.

"அப்போ நான் டாக்டரா?" என்றாள் மகள்.

"ஆமா. அம்மா நர்ஸ், நீ டொஹ்டர். நீ சொன்னா அம்மா ஊசி போடணும்."

பள்ளி விட்டதும் மகள் கடைக்கு வந்துவிடுவாள். ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவின் பாடப் புத்தகத்தைப் புரட்டுவாள். ஜெர்மனில் பொருள்களுக்கெல்லாம் ஆண், பெண் என்று பால் உண்டு. ஃப்ரிட்ஜ் ஆண், வாஷிங் மெஷின் பெண், ஏ.சி.யும் பெண் என்று அவர் விளக்கியதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். கடையில் கிடந்தவற்றையெல்லாம் வாடா, வாடி என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஆனால் சிறுமி என்ற சொல் மட்டும் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, அது மூன்றாவது வகை என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "வாஷிங் மெஷின் பொண்ணு, நான் பொண்ணு இல்லையா? இது என்ன அநியாயம்ப்பா?" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். மறுநாள் அவர் இதை டீச்சரிடம் கேட்டார். "அது அப்படித்தான் சார், மனப்பாடம் பண்ணிடுங்க" என்றார் டீச்சர்.

சில வாரங்களில் வகுப்பில் அவரைப் போலச் சொல்வளம் உள்ளவர் யாருமில்லை என்று ஆகிவிட்டது. டீச்சரே வியந்தார். "சார் பாருங்க, ஒரு விஷயத்த எத்தனை விதமா சொல்றாரு" என்று பிள்ளைகளிடம் காட்டினார். அவருக்கு உள்ளூரச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. போலீசுக்குப் பயந்து ஓடி ஓடி ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவன் மாதிரி இருந்தது.

அப்புறம் ரிப்பேர் பாடம் வந்தது. வீட்டில் ஒரு பொருள் ஓடவில்லை, கடைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். வகுப்பு மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது. "இது உங்க பாடம், அண்ணா!" என்று புதுப்பெண் கைதட்டினாள். சொல்ல வேண்டிய வாக்கியம்: என் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. ஜெர்மனில் ஃப்ரிட்ஜுக்கு 'க்யூல்ஷ்ராங்க்'. ஓடாமல் போனதற்கு 'கபுட்'. ஒரே வாக்கியத்தில் இரண்டு 'க', அதுவும் சொந்தத் தொழிலில்.

அவர் எழுந்து நின்றார். காதில் போன் வைத்திருப்பது போலக் கையை வைத்துக்கொண்டார். பிறகு நிதானமாக, பாலும் காய்கறியும் வைக்கிற அந்தப் பொருள் வேலை செய்யவில்லை, எல்லாம் சூடாக இருக்கிறது என்று சுற்றி வளைத்து ஜெர்மனில் சொன்னார். வகுப்பு சிரித்தது. நகைச்சுவைக்காகச் சொல்கிறார் என்று நினைத்துச் சில பிள்ளைகள் விசிலும் அடித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கூலிங்கின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. நீங்க 'க'வுல ஆரம்பிக்கிற வார்த்தையே சொல்றதில்ல, இல்ல?"

அவர் ஒரு செருப்பை மாட்டினார்.

"பரீட்சையில ஒரு கார்டு குடுப்பாங்க சார். அதுல இருக்கிற வார்த்தைய வெச்சே கேள்வி கேக்கணும். அங்க மாத்த முடியாது. முன்னாடியே திக்கும்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்தா கூடுதல் நேரம் குடுப்பாங்க. நானே பேசுறேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார். படி இறங்கிப் போனவர் அந்த வாரம் முழுக்க வகுப்புக்குப் போகவில்லை. இத்தனை வருஷம் மூடி மூடி வைத்ததை ஒரு சின்னப் பெண் மூடியைத் திறந்து பார்த்துவிட்டதே என்று அவமானமாக இருந்தது. எழுதிக் கொடுப்பதாவது! அதை ஒரு காகிதத்தில் எழுதி, அதில் ஸ்டாம்ப் வைத்து, நாலு பேர் படித்து...

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் வீடியோ அழைப்பு வந்தது. அவர் மறைக்கப் பார்த்தார். மகள் போட்டுக்கொடுத்துவிட்டாள். "அப்பா கிளாஸுக்கே போகல. ஷாப்ல சும்மா உக்காந்திருக்காரு."

மனைவி மகளை உள்ளே போகச் சொன்னாள். விஷயத்தை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவருக்குக் கோபம் வந்தது.

"சிரிக்கிற?"

"உங்களப் பார்த்து இல்லங்க. என்னை நினைச்சு. நான் இங்க வந்து மூணு மாசம் எப்படிப் பேசுனேன் தெரியுமா? ஒரு வாக்கியம் சொல்ல நாலு இடத்துல நின்னேன். ஆ... ஊ... ம்ம்... வார்த்தை வராது. பேஷன்ட் படுத்துக்கிட்டு என்னையே பார்ப்பாரு. நான் மேல பார்ப்பேன், கீழ பார்ப்பேன். இங்க வெளியூர்ல இருந்து வந்தவங்க எல்லாருமே திக்குறவங்கதாங்க. உங்களுக்காவது பழக்கம் இருக்கு. எனக்கு அதுவும் இல்ல."

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"அவங்க என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

"யாரு?"

"அந்தப் பேஷன்ட்ங்க எல்லாம்."

"என்ன பண்ணுவாங்க? நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்தாங்க. அப்புறம் பதில் சொன்னாங்க. அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஆறுதல் சொல்கிற தோரணை எதுவும் இல்லை. நேற்றைய சமையல் என்ன என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அதனால்தான் அது அவருக்குள் போய் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனார். டீச்சரிடம், "எழுதி அனுப்பிடுங்க" என்றார். பிறகு கேட்டார், "திக்குறதுக்கு ஜெர்மன்ல என்ன வார்த்தை?"

அது அடிப்படைப் பாடத்தின் சொற்களில் இல்லை. டீச்சர் அகராதியைப் பார்த்துச் சொன்னார்: "ஷ்டொட்டர்ன்."

அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். தடையில்லாமல் வந்தது. நல்லவேளை, அதில் 'க' இல்லை.

தேர்வு நாளன்று மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். எழுத்துத் தேர்வு காலையிலேயே முடிந்தது. பேச்சுத் தேர்வு ஒரு சின்ன அறையில். நீள மேஜைக்கு ஒரு பக்கம் தேர்வு நடத்துகிறவர்கள் இருவர்: மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர், அவரோடு ஒரு அம்மா. இந்தப் பக்கம் நாலு பேர். அவருக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தால், புதுப்பெண். இந்தப் பிள்ளை நம் சொல்லையெல்லாம் பிடுங்கிச் சொல்லிவிடுமே!

முறை வந்தது. அவர் பெயரைச் சொல்லவில்லை. முதலில், இஷ் ஷ்டொட்டரெ என்றார். எனக்குத் திக்கும், தயவுசெய்து கொஞ்சம் நேரம் வேண்டும். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நேரம் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னார். நாற்பது வருஷம் யாரிடமும் சொல்லாததை முதன்முதலாக, அதுவும் வேற்று மொழியில், முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லியாயிற்று. அறை அப்படியே இருந்தது. சுவரில் கடிகாரம் ஓடியது.

பிறகு பெயர். அது வரவில்லை, வரவில்லை, வந்தது. ஊர் வந்தது. வேலை வந்தது.

அடுத்து கார்டு. உணவு, பானம் என்ற தலைப்பில் ஒரு சொல்லை எடுக்க வேண்டும். திருப்பிப் பார்த்தார். காஃபே. காபிதான். அதை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் புதுப்பெண்.

உங்களுக்குக் குடிக்கப் பிடிக்குமா என்பது வரை ஜெர்மன் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த மொழியில் வினைச்சொல் முன்னால் வந்துவிடும், பொருளின் பெயர் கடைசியில் நிற்கும். ஆகவே அது தூரத்திலிருந்தே தெரிந்தது. க... க... ஷட்டர் விழுந்தது. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். புதுப்பெண் இரண்டு கையையும் கோத்து மடியில் இறுக்கி வைத்திருந்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருப்பதற்கு அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்தால், தேர்வு யாருக்கு நடக்கிறது என்றே தெரியாது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெரியவரும் திறக்கவில்லை. அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

க... க... காஃபே?

"யா! யா! யா!" என்று வெடித்தாள் புதுப்பெண், அடைத்து வைத்திருந்த மூச்செல்லாம் சேர்த்து. ரொம்பப் பிடிக்கும், காலையில் குடிப்பேன், மத்தியானம் குடிப்பேன், ராத்திரி குடிப்பேன், என் கணவருக்கும் பிடிக்கும் என்று கேட்காததையெல்லாம் கொட்டினாள். பெரியவர் கையைக் காட்டிச் சிரித்து நிறுத்தினார். கூலிங்கும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு, கடைசிப் பகுதியாக ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கேட்பதெல்லாம் அவருக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் புதுப்பெண் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, எனக்கு நாக்கு நுனியில இருந்துச்சு! சொல்லிடுவேனோன்னு உசிரே போச்சு. டீச்சர் நேத்தே சொன்னாங்க, நீ வாயத் திறந்த, அவருக்கு மார்க் போச்சுன்னு."

"ரொம்ப நன்றிம்மா" என்றார் அவர்.

"எதுக்கு? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

முடிவு வந்த அன்று அவர் ஒரு ஹோட்டலின் சமையலறையில், பெரிய ஃப்ரீஸருக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். போனில் டீச்சரின் குரல்: "சார், பாஸ்! நாலுலயும் பாஸ்!" எழுந்திருக்கப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டார். வலிக்கவில்லை. பேச்சில் மதிப்பெண் ரொம்பப் பெரிதில்லை. அது அவருக்குப் பொருட்டும் இல்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அந்தச் சமையலறையின் எண்ணெய் வாடைக்கு நடுவே அவர் ஆழமாக மூச்சு இழுத்தார்.

மனைவிக்கு எழுதி அனுப்பினார். அவள் டியூட்டியில் இருந்தாள். இடைவேளை கிடைத்ததும், துணி அடுக்கி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. கடைசியில், "சரி, வெக்கிறேன். பேஷன்ட் பெல் அடிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாள்.

திக்குவாய் எங்கும் போகவில்லை. இன்றைக்கும் அவருக்குத் திக்கும். சில நாள் சந்துக்குள் திரும்புவார். சில நாள் நேர் வழியில் போய், நின்று, அடைத்து, வந்து சேருவார். எந்த வழி என்பதை அன்றன்றைக்கு அவரே பார்த்துக்கொள்கிறார்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனார். அதுவரை பயணத்துக்கென்று ஒரு சாமான் வாங்கவும் அவர் மனம் ஒப்பவில்லை. தேறாமல் போனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற பயம். இப்போது மகளுக்குக் குளிர் கோட்டு வேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். ஆரஞ்சு நிறம், உள்ளே பஞ்சு, தலைக்கு மூடி. மகள் போட்டுப் பார்த்தாள். கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

வெளியே வெயில் இன்னும் தாழவில்லை. பஸ்ஸில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, ஒரு சிறுமி மட்டும் கழுத்து வரை பட்டன் போட்டு, வியர்த்து வழிந்து, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "வேகுதும்மா, கழட்டேன்" என்று பக்கத்து சீட்டு அம்மாள் சொன்னதற்கு, "பழகிக்கிறேன்" என்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் அவளை எழுப்பாமல், கோட்டின் பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, காற்றுப் பட விரித்துவிட்டார்.